பிரவுசர் அனுப்பும் அந்த ஒற்றை வரி

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் என் வாயால் ஒருக்கால் சொல்லிப் பார்க்கிறேன், பிழையென்றால் திருத்துங்கள். பொத்துவில் உல்லையில் மாமாவின் விடுதிக்கு நீங்களே ஒரு வெப்சைட் செய்திருக்கிறீர்கள். அறை பதிவு செய்யும் படிவம் சில ஆட்களுக்கு வேலை செய்கிறது, சில ஆட்களுக்குச் செய்யவில்லை. ஏன் என்று பார்க்க குரோமில் எப்12 அமத்தி நெட்வேர்க் பகுதியைத் திறந்திருக்கிறீர்கள். பிரவுசர் ஒவ்வொரு கோரிக்கையோடும் சேர்த்து அனுப்பும் குறிப்பு வரிகளான ஹெடர்களுக்குள் ‘அப்கிரேட்-இன்செக்யூர்-ரிக்வெஸ்ட்ஸ்: 1’ என்று ஒரு வரி. ‘இன்செக்யூர்’ என்ற சொல்லைக் கண்டதும் தளத்தில் யாரோ கை வைத்துவிட்டார்களோ என்ற பயம் வந்திருக்கிறது. அந்தப் பயம் கேள்வியின் தலைப்பில் இருந்தாலும், உண்மையான கேள்வி கடைசி வரியில்தான் இருக்கிறது: “பிரவுசரே பாதுகாப்பா வேணும் எண்டு கேக்குதே, மறுகா ஏன் பூட்டில்லாமலும் என்ட சைட் திறக்குது?”

பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். யாரும் கை வைக்கவில்லை. அந்த வரி உங்கள் தளத்தைப் பற்றிய முறைப்பாடும் இல்லை. நீங்கள் வங்கியின் பக்கத்தைத் திறந்தாலும், செய்திப் பக்கத்தைத் திறந்தாலும், குரோமும் பயர்பொக்ஸும் அதே வரியை அனுப்பும். ஏற்கெனவே எச்ரிரிபிஎஸ்ஸில், அதாவது நீங்கள் பூட்டு என்று சொல்லும் மறைக்கப்பட்ட இணைப்பில், பாதுகாப்பாகத் திறந்திருக்கும் பக்கத்துக்கும் அனுப்பும். ஒரு பக்கத்தைத் திறக்கும் கோரிக்கையோடுதான் அது போகும். அந்தப் பக்கத்துக்குள் வரும் படங்களைக் கேட்கும்போது போகாது. நெட்வேர்க் பட்டியலில் முதல் வரியிலும் பத்தாவது வரியிலும் மாறி மாறி அமத்திப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

இனி அந்த வரி என்னதான் சொல்கிறது? பெயரைப் படித்தால் ‘பாதுகாப்பில்லாத கோரிக்கைகளை மேலேற்று’ என்று கட்டளை போடுவதுபோல இருக்கும். உண்மையில் அது கட்டளை இல்லை. கடை வாசலில் நின்றுகொண்டு, “உள்ளுக்கு வந்து கதைக்கவும் எனக்கு ஏலும், உங்களுக்கு வசதியெண்டா கூப்பிடுங்க” என்று ஒருவர் சொல்வதுபோலத்தான். கூப்பிடுவதும் கூப்பிடாததும் கடைக்காரரின் விருப்பம். கூப்பிடாவிட்டால் அவர் வாசலில் நின்றபடியே சாமானை வாங்கிக்கொண்டு போய்விடுவார். உங்கள் சேர்வர் இதுவரை செய்துகொண்டிருப்பது அதைத்தான். பூட்டில்லாத எச்ரிரிபி இணைப்புக்கான 80ஆம் போர்ட்டுக்கு யாராவது வந்தால் மறைப்பில்லாமல் பக்கத்தைக் கொடுத்து அனுப்புகிறது. ஆகவே உங்கள் கடைசி வரிக்கு நேர்ப் பதில் இதுதான்: பிரவுசர் கேட்கிறது, நீங்கள் பதில் சொல்லவில்லை.

இப்படி ஒரு தயக்கமான வரி ஏன் வந்தது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. 2014, 2015 காலத்தில் பழைய பெரிய தளங்கள் எச்ரிரிபிஎஸ்ஸுக்கு மாற முடியாமல் திண்டாடின. எச்ரிரிபிஎஸ்ஸுக்குத் தேவையான, தளத்தின் அடையாளத்தை உறுதி செய்யும் சான்றிதழை வாங்குவது அவர்களுக்கு ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை பழைய பக்கங்களில் இருந்தது. ஆயிரக்கணக்கான கட்டுரைகளுக்குள் படமும் ஸ்கிரிப்டும் ‘எச்ரிரிபி’ என்று தொடங்கும் முகவரியோடு கையால் எழுதப்பட்டிருந்தன. பக்கம் பாதுகாப்பாக வந்து, அதற்குள் இருக்கும் ஸ்கிரிப்ட் பாதுகாப்பில்லாமல் வந்தால் பிரவுசர் அதைத் தடுத்துவிடும். கலப்பு உள்ளடக்கம் என்பது இதைத்தான். அதற்கு மருந்தாக ‘அப்கிரேட்-இன்செக்யூர்-ரிக்வெஸ்ட்ஸ்’ என்ற ஓர் அறிவுறுத்தலைக் கொண்டுவந்தார்கள். சேர்வர் அதைத் தன் ‘கொன்டென்ட்-செக்யூரிட்டி-பொலிசி’ ஹெடரில் போட்டால், பக்கத்துக்குள் இருக்கும் பழைய முகவரிகளை எல்லாம் பிரவுசர் தானே எச்ரிரிபிஎஸ் என்று மாற்றிக்கொண்டு கேட்கும். கூகுளில் வேலை செய்த மைக் வெஸ்ட் தொகுத்த இந்த விதிமுறை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பில் 2015 ஒக்டோபரில் பரிந்துரை வேட்பாளர் நிலைக்கு வந்தது.

இந்த மருந்தைப் புரிந்துகொள்ளாத பழைய பிரவுசர்களும் அப்போது நிறைய இருந்தன. அவற்றைப் பாதுகாப்பான முகவரிக்கு அனுப்பினால் பக்கம் உடைந்துபோகும். அதனால் எந்தப் பிரவுசருக்கு மருந்து புரியும் என்று சேர்வருக்குத் தெரிய வேண்டியிருந்தது. நீங்கள் கண்ட வரி அதற்குத்தான். “எனக்குப் பாதுகாப்பு விருப்பம், அந்த அறிவுறுத்தலும் எனக்கு விளங்கும், என்னைத் துணிந்து அங்கே அனுப்பலாம்” என்பதே அதன் முழுப் பொருள். ஹெடருக்கும் அறிவுறுத்தலுக்கும் ஒரே பெயர் வைத்ததுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். ஒன்று பிரவுசர் சேர்வருக்குச் சொல்வது, மற்றது சேர்வர் பிரவுசருக்குச் சொல்வது. இரண்டையும் ஒன்றாக்கி எழுதிய கட்டுரைகளை இன்றும் காண்கிறேன்.

பெயர் இவ்வளவு நீளமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. குரோம் 44ஆம் பதிப்பு 2015 ஜூலையில் வந்தபோது இந்த வரி வெறும் ‘எச்ரிரிபிஎஸ்: 1’ என்றுதான் இருந்தது. சேர்வரில் ஓடும் பிஎச்பி போன்ற நிரல்மொழிகள், வருகிற ஒவ்வொரு ஹெடரின் பெயருக்கு முன்னாலும் ‘எச்ரிரிபி’ என்று ஒட்டி ஒரு மாறியாக வைத்துக்கொள்ளும். அந்த முறையில் இந்த வரி ‘எச்ரிரிபி_எச்ரிரிபிஎஸ்’ என்று ஆனது. வெப்சைட் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் கடை நடத்துவதற்கான பெயர்பெற்ற ஒரு செருகுநிரல், அந்த மாறி இருந்தாலே இணைப்பு ஏற்கெனவே மறைக்கப்பட்டதுதான் என்று எடுத்துக்கொண்டிருந்தது. பிரவுசர் தன் விருப்பத்தைச் சொன்னால், சேர்வர் அதை நடந்து முடிந்த காரியமாக நம்பி, பக்கத்தின் எல்லா முகவரிகளையும் எச்ரிரிபிஎஸ் என்று எழுதிக் கொடுத்தது. சான்றிதழே இல்லாத கடைகள் நிறமும் வடிவமும் இழந்து வெறும் எழுத்தாக நின்றன. பெயரை மாற்றிய பிறகுதான் அது அடங்கியது. இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது, படிவத்தைப் பற்றிப் பேசும்போது திரும்பி வருகிறேன்.

சரி, பிரவுசர் இப்படிச் சொல்லிவிட்டால் பாதுகாப்பு வந்துவிடுமா? வராது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த வரி பூட்டில்லாத இணைப்பில் போகும்போது அதுவும் பூட்டில்லாமல்தான் போகிறது. வாசலில் நின்று சொன்னதைத் தெருவே கேட்கும். நடுவில் நிற்பவர் கேட்பதோடு நிற்காமல், அதை அழித்துவிட்டு மீதியை அனுப்பவும் முடியும். சேர்வர் “உள்ளே வா” என்று சொன்ன பதிலையும் அவர் பிடித்து வைத்துக்கொள்ளலாம். 2009இல் மொக்சி மார்லின்ஸ்பைக் என்ற ஆய்வாளர் பிளக்ஹெட் என்ற கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் எஸ்எஸ்எல்ஸ்ட்ரிப் என்ற கருவியைக் காட்டியபோது செய்தது இதைத்தான். சேர்வரோடு அந்தக் கருவி பாதுகாப்பாகப் பேசும், பயனரோடு பாதுகாப்பில்லாமல் பேசும். எந்தப் பிழைச் செய்தியும் திரையில் வராது, பூட்டு மட்டும் இல்லாமல் இருக்கும். உல்லையில் அலைச்சறுக்கு சீசனில் ஒரே வைபையில் எத்தனை நாட்டு ஆட்கள் இருக்கிறார்கள் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். பாஸ்போர்ட் இலக்கத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் நிரப்பச் சொல்லும் படிவம் அந்த வைபையில் திறந்து கிடப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

இந்த ஓட்டையை அடைப்பது சேர்வர் பக்கம் இருந்து வரும் ஒரு வரி, ‘ஸ்ட்ரிக்ட்-ட்ரான்ஸ்போர்ட்-செக்யூரிட்டி’. சுருக்கமாக எச்எஸ்ரிஎஸ் என்பார்கள். 2012 நவம்பரில், இணைய விதிமுறை ஆவணங்களின் வரிசையில் ஆர்எப்சி 6797 என்ற இலக்கத்தோடு வந்தது. கடைக்குள் வந்தவரிடம், “இனி ஒரு வருசத்துக்கு வாசல்ல நிண்டு கதைக்காதீங்க, நேரா உள்ளுக்கு வாங்க” என்று சொல்லிவிடுவதுபோல. பிரவுசர் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை யாராவது எச்ரிரிபி என்று அடித்தாலும், கோரிக்கை போனை விட்டு வெளியேறும் முன்பே எச்ரிரிபிஎஸ்ஸாக மாறிவிடும். குரோமின் நெட்வேர்க் பகுதியில் அது 307 என்ற உள் ரீடைரக்ட்டாக, அதாவது வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் பதிலாகத் தெரியும். அந்த 307ஐ அனுப்பியது சேர்வர் இல்லை, பிரவுசர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டது. இந்த வரி பாதுகாப்பான இணைப்பில் வந்தால்தான் பிரவுசர் மதிக்கும், பூட்டில்லாத இணைப்பில் வந்தால் தூக்கி எறிந்துவிடும். காரணம் சொல்லத் தேவையில்லை, நடுவில் நிற்பவர் எழுதியதாகவும் இருக்கலாம் அல்லவா.

இதிலும் ஓர் ஓட்டை மிச்சம் இருக்கிறது. முதன்முறை வருகிறவருக்கு அந்த ஞாபகம் இல்லை. அதற்காகத்தான் எச்ரிரிபிஎஸ்ஸில் மட்டும் திறக்க வேண்டிய தளங்களின் பெயர்களோடு முன்கூட்டியே பிரவுசருக்குள் பொதிந்து வரும் ஒரு பட்டியல் இருக்கிறது, பிரீலோட் பட்டியல் என்பார்கள். குரோம் குழு பராமரிக்கிறது, மற்றப் பிரவுசர்களும் அதையொட்டியே தங்கள் பட்டியலை வைத்திருக்கின்றன. அதில் சேர குறைந்தது 31536000 செக்கன், அதாவது ஒரு வருடம், எல்லா உப டொமைனுக்கும் (தளப் பெயருக்கு முன்னால் இன்னொரு பெயர் ஒட்டி வரும் முகவரிகளுக்கும்) சேர்த்து வாக்குக் கொடுக்க வேண்டும். சேருவது லேசு. வெளியே வருவதற்கு மாதக்கணக்கில் ஆகும், ஏனென்றால் பட்டியல் ஒவ்வொருவரின் பிரவுசரும் புதுப்பிக்கும்போதுதான் மாறும்.

இந்த இடத்தில் என் சொந்த மண்டையடியைச் சொல்லியாக வேண்டும். மட்டக்களப்பில் பதினைந்து வருசமாக சிறு அலுவலகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் நெட்வேர்க்கும் சேர்வரும் பார்க்கிறேன். 2017இல் பாசிக்குடாப் பக்கம் ஒரு ஹோட்டலுக்கு எச்எஸ்ரிஎஸ் போட்டேன். புத்தகத்தில் இருந்தபடியே ஒரு வருடம், உப டொமைன்கள் எல்லாம் உட்பட. அன்று பின்னேரம் கல்லடிப் பாலம் தாண்டுவதற்குள் போன் வந்துவிட்டது. கெமரா ரெக்கோடரை வெளியிலிருந்து பார்க்க யாரோ எப்போதோ ஓர் உப டொமைன் கொடுத்திருந்தார்கள். அந்த ரெக்கோடருக்கு எச்ரிரிபிஎஸ் என்றால் என்னவென்றே தெரியாது. முகாமையாளரின் கணினி அதைத் திறக்க மறுத்தது. சாதாரண சான்றிதழ்ப் பிழையில் ‘பரவாயில்லை, போ’ என்று அமத்த ஓர் இடம் இருக்கும்; எச்எஸ்ரிஎஸ் போட்ட தளத்தில் அந்த இடமே இருக்காது. அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். திரும்பிப் போய் அலுவலகக் கணினிகளில் குரோமின் நெட்-இன்டேர்னல்ஸ் பக்கத்தைத் திறந்து ஒவ்வொன்றாக அந்த டொமைனை அழித்தேன். முதலாளி தோஹாவில் இருந்தார், அவரின் போனுக்கு நான் எப்படிப் போவது? கடைசியில் சேர்வரில் கால அளவைப் பூச்சியமாக்கி, ஹோட்டலின் முதல் பக்கத்தை ஒருக்கால் திறந்து பார்க்கச் சொன்னேன். பூச்சியம் என்றால் ‘நான் சொன்னதை மறந்துவிடு’ என்று பொருள். திறந்தார், கெமரா வந்தது. “என்ன செய்தனீங்க?” என்று கேட்டார். உண்மையைத்தான் சொன்னேன். ஒரு மாதத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிரவுசர் தன் விருப்பத்தைச் சொல்லும் இன்னோர் இடம் இருக்கிறது, அங்கே அது கெஞ்சிக்கொண்டு நிற்பதில்லை. எச்ரிரிபிஎஸ் தொடங்கும்போது இணைப்பை மறைக்கும் முறையான ரிஎல்எஸ்ஸின் கைகுலுக்கல் ஒன்று நடக்கும். அதில் பிரவுசர் முதலில் அனுப்பும் செய்தியில், தனக்குத் தெரிந்த பதிப்புகளும் மறையாக்க முறைகளும் விருப்ப வரிசையில் பட்டியலாக இருக்கும். சேர்வர் அதிலிருந்து ஒன்றைத் தெரிவு செய்யும். இந்தப் பட்டியலும் திறந்த நிலையில்தான் போகிறது, நடுவில் நிற்பவர் நல்லவற்றை அழித்துவிட்டுப் பலவீனமானவற்றை மட்டும் விட்டுவைக்கப் பார்க்கலாம். ஆனால் கைகுலுக்கல் முடியும்போது இரண்டு பக்கமும் இதுவரை பேசியது முழுவதையும் கணக்கிட்டு ஒப்பிடும். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இணைப்பு முறியும். 2018இல் வந்த ரிஎல்எஸ் 1.3இல் இன்னொரு காவலும் உண்டு: புதிய பதிப்புத் தெரிந்த சேர்வர் பழைய பதிப்புக்கு இறங்க நேர்ந்தால், தான் அனுப்பும் எழுமாறான எண்ணின் கடைசி எட்டு பைட்டுகளில் ஒரு குறித்த அடையாளத்தை வைத்தே அனுப்பும். 1.3 தெரிந்த பிரவுசர் அதைக் கண்டால், யாரோ இறக்கிவிட்டிருக்கிறார்கள் என்று விளங்கிக்கொண்டு இணைப்பை நிறுத்திவிடும். 2014 ஒக்டோபரில் பூடில் என்ற தாக்குதல் வெளியானபோது, இணைப்பு முறிந்தால் ரிஎல்எஸ்ஸுக்கு முந்திய பழைய எஸ்எஸ்எல் 3.0 வரை தானாக இறங்கிப் பார்க்கும் பிரவுசர்களின் பழக்கமே காலை வாரியது. விருப்பத்தைச் சொன்னால் மட்டும் போதாது, சொன்னதை யாரும் மாற்றவில்லை என்று பின்னால் சரிபார்க்கவும் வேண்டும். உங்கள் வரியில் இல்லாதது அந்த இரண்டாவது பாதி.

பிரவுசர்களும் இப்போது அந்த ஹெடரை நம்பி இருப்பதில்லை. 2018 ஜூலையில் குரோம் 68 எல்லா எச்ரிரிபி பக்கத்துக்கும் ‘பாதுகாப்பில்லை’ என்று எழுதத் தொடங்கியது. 2020 நவம்பரில் பயர்பொக்ஸ் 83 எச்ரிரிபிஎஸ் மட்டும் என்ற தெரிவைக் கொண்டுவந்தது. 2021 ஏப்ரலில் குரோம் 90, முகவரிப் பட்டையில் பெயரை மட்டும் அடித்தால் முதலில் எச்ரிரிபிஎஸ் கதவையே தட்டும் என்று மாறியது. கேட்பதை விட்டுவிட்டு நேராகப் போய்த் தட்டிப் பார்க்கிறார்கள். திறக்காவிட்டால்தான் பழைய வாசலுக்கு வருவார்கள். அதனால் உங்கள் புதுப் போனில் பூட்டோடும், மாமாவின் பழைய போனில் பூட்டில்லாமலும் தளம் திறந்தால் அதில் அதிசயம் இல்லை. மாமாவின் விடுதி வைபையில் முதலில் ஓர் உள்நுழைவுப் பக்கம் வருமென்றால், அதைப் பற்றியும் விருந்தாளிகள் உங்களிடம் குறை சொல்வார்கள். எச்ரிரிபிஎஸ் மட்டும் என்று பிடிவாதமாக நிற்கும் பிரவுசரை அந்த உள்நுழைவுப் பக்கத்தால் லேசில் மறிக்க முடியாது. அது உங்கள் தளத்தின் பிழையில்லை.

இனி படிவம். உங்கள் சேர்வரை நான் பார்க்கவில்லை, ஆகவே இது கைநாடி பார்க்காமல் சொல்லும் மருந்துதான். என் முதல் சந்தேகம், படிவத்தை அனுப்பும் ஸ்கிரிப்டுக்குள் முழு முகவரி எச்ரிரிபி என்று கையால் எழுதப்பட்டிருக்கிறது. பக்கத்தைப் பூட்டில்லாமல் திறந்தவருக்கு அது வேலை செய்யும். பூட்டோடு திறந்தவருக்குப் பிரவுசர் அதைக் கலப்பு உள்ளடக்கம் என்று தடுத்துவிடும், திரையில் ஒன்றும் தெரியாது, எப்12இன் கொன்சோலில் சிவப்பாக ஒரு வரி மட்டும் வரும். சில ஆட்களுக்கு மட்டும் என்று நீங்கள் சொன்னதோடு இது பொருந்துகிறது. இரண்டாவது சந்தேகம், பாதுகாப்பான இணைப்பில் மட்டும் போகும் என்று குறித்த குக்கி (வந்தவரை ஞாபகம் வைக்கத் தளம் பிரவுசரில் வைக்கும் சிறு குறிப்பு) ஒன்று, பூட்டில்லாத பக்கத்தில் இருந்து போகாமல் நிற்கிறது. இது நேர்மாறாக நடக்கும், பூட்டில்லாதவருக்குத்தான் உடையும். எந்தப் பக்கம் உடைகிறது என்று இரண்டு விதமாகவும் திறந்து பாருங்கள், பாதி வேலை முடிந்துவிடும். மூன்றாவதாக, இணைப்பு பாதுகாப்பானதா என்று உங்கள் நிரல் எப்படித் தெரிந்துகொள்கிறது என்று பாருங்கள். ஹெடரின் பெயரைப் பார்த்து முடிவெடுக்கும் பழைய துண்டு நிரல் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால், மேலே சொன்ன 2015இன் கதை உங்களுக்கும் நடக்கும். முன்னால் புரோக்சி, அதாவது கோரிக்கைகளை வாங்கிக் கடத்தும் இடைச் சேர்வர், ஏதும் வைத்து, அதற்கும் உங்கள் சேர்வருக்கும் இடையே எச்ரிரிபியில் விட்டிருந்தால், ரீடைரக்ட் போட்டதும் பக்கம் சுற்றிச் சுற்றியே நிற்கும்.

வேலையை எந்த ஒழுங்கில் செய்வது என்பது என் அனுபவத் தீர்ப்பு, விதியில்லை. சான்றிதழ் லெட்ஸ் என்கிரிப்ட்டில் இலவசமாக எடுத்திருப்பீர்கள், வழக்கமாக 90 நாளில் முடியும்; தானாகப் புதுப்பிக்கிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். மறுகா ஸ்கிரிப்டுக்குள் இருக்கும் முகவரிகளைத் திருத்துங்கள். எல்லாவற்றையும் தேடிப் பிடிக்க நேரமில்லையென்றால், மேலே சொன்ன ‘அப்கிரேட்-இன்செக்யூர்-ரிக்வெஸ்ட்ஸ்’ அறிவுறுத்தலைச் சேர்வரில் போடலாம், ஆனால் மறுபக்கத்தில் எச்ரிரிபிஎஸ் இல்லாத படம் இருந்தால் அது வராமலே போகும், பிரவுசர் திரும்பிப் பழைய முகவரிக்குப் போகாது. அதற்குப் பிறகுதான் 80ஆம் போர்ட்டிலிருந்து 301 என்ற நிரந்தர ரீடைரக்ட். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: பழைய முகவரிக்கு யாராவது படிவத்தை அனுப்பினால், 301இல் பிரவுசர்கள் அதைப் படிவமாகவே கொண்டுபோகாமல் வெறும் பக்கக் கோரிக்கையாக மாற்றிவிடும், நிரப்பியது எல்லாம் காணாமல் போகும். படிவம் போகும் முகவரிக்கு மட்டும், அதைப் படிவமாகவே கொண்டுபோகும் 308 போடுங்கள். கடைசியாக எச்எஸ்ரிஎஸ். 300 செக்கனில் தொடங்கி, ஒரு கிழமை பார்த்து, பிறகு வருடத்துக்கு ஏற்றுங்கள். மாமாவிடம் கெமரா, பிரிண்டர், ரவுட்டர் எதற்காவது அதே டொமைனில் உப பெயர் இருக்கிறதா என்று கேட்காமல் உப டொமைன்களைச் சேர்க்க வேண்டாம். ஓர் அறைப் பதிவுத் தளத்துக்கு பிரீலோட் பட்டியல் இப்போதைக்குத் தேவையில்லை என்பது என் எண்ணம்; வேறு அபிப்பிராயம் உள்ளவர்களும் இருப்பார்கள்.

இரண்டு விதமாகவும் திறந்து பார்த்த பிறகு, கொன்சோலில் வரும் சிவப்பு வரியைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஹெடர்களையும் சேர்த்துப் போடுவதென்றால் குக்கி என்று தொடங்கும் வரியை மறைத்துவிட்டுப் போடுங்கள், அதை வைத்து உங்கள் நிர்வாகப் பக்கத்துக்குள் யாரும் நுழைய ஏலும்.